பத்தே நிமிடத்தில் பாட்டு: நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நம்மவர்களுக்கு வாழ்க்கையில் இரண்டு முறை வருகிறது. முதல் முறை ஏழு வயதில். அது அம்மாவுடைய ஆசை. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாம் முறை நாற்பத்தைந்தில். வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கும், பிள்ளை விடுதியில் இருப்பான், மார்கழியில் யாரோ கொடுத்த டிக்கெட்டில் ஒரு சபாவில் போய் உட்கார்ந்திருப்போம். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவார். நாமும் போட்டுப் பார்ப்போம். அவர் கை கீழே இறங்கும்போது நம் கை மேலே இருக்கும். அந்த இடத்தில் பிறக்கிற வைராக்கியத்துக்காகவே இந்த வழிகாட்டி.

அடிப்படை விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தினமும் பத்து நிமிடம் போதும். பாட்டு டீச்சரும் அதைத்தான் சொல்வார், யூடியூபிலும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் என்னென்ன செய்து முடிக்க வேண்டும் என்பதை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. ஊரில் பலரும் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்து வரும் முறையைத் தொகுத்துத் தருகிறேன்.

சாமான் சேகரித்தல்

சுருதிக்கு இலவசச் செயலி கைப்பேசியிலேயே கிடைக்கிறது. தொட்ட மாத்திரத்தில் தம்பூரா ஒலிக்கும். இதில் திருப்தி அடைந்துவிட்டால் அன்றைக்கே உட்கார்ந்து பாட வேண்டியதாகிவிடும் என்பதால், திருப்தி அடையக் கூடாது. எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியா, துருத்தி வைத்த பழைய மரப்பெட்டியா என்று இரண்டு வாரம் விசாரியுங்கள். விசாரிக்க விசாரிக்க, தஞ்சாவூரில் பலா மரத்தில் கடைந்த தம்பூராதான் சரி என்ற தெளிவு தானாகப் பிறக்கும். கூடத்தில் நிறுத்தி வைத்தால் வருகிறவர்கள் இரண்டாம் காபி வரைக்கும் அதைப் பற்றியே பேசுவார்கள்.

தம்பூராவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தி. பிருடையை முறுக்கி, கீழே மணியை நகர்த்தி, குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி அதையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தித்தான் சுருதி சேர்க்க முடியும். புதியவருக்கு இதற்கே பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதாவது நாளின் இலக்கு பாடாமலே நிறைவேறிவிடுகிறது. சுருதி சேர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காது பழகியிருக்க வேண்டும், காது பழக வேண்டுமானால் சில மாதமாவது பாடியிருக்க வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க முயல வேண்டாம். இதை அவிழ்க்காமலேயே பல குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன.

சுருதிக்கான கட்டை தேர்வதிலும் கவனம் தேவை. பொதுவாக ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டை, பெண்களுக்கு ஐந்து அல்லது ஐந்தரை பொருந்தும் என்பார்கள். தொண்டைக்கு எது சுகமோ அதுதான் உங்கள் கட்டை. ஆனால் சுகமாக இருப்பதில் என்ன கௌரவம்? மைக் இல்லாத காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி உச்சத்தில் நின்று பாடியவர் எஸ்.ஜி. கிட்டப்பா. அவருடைய பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு அந்தச் சுருதியிலேயே ஆரம்பியுங்கள். மூன்றாம் நாள் பேச்சு எழாது. டாக்டர் ஒரு வாரம் வாய் திறக்க வேண்டாம் என்பார். சான்றிதழோடு விடுப்பு.

நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று, நான்கு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இரண்டாம் பக்கத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

நாள் பார்த்தல்

இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பாதீர்கள். விஜயதசமிக்குக் காத்திருப்பதே மரபு. அன்று தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தட்சிணையோடு போனால் பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. அனுபவமுள்ள டீச்சர்கள் இதற்காகக் கூடுதல் பாய் எதுவும் வாங்குவதில்லை. தீபாவளி வந்தால் இருக்கிற பாயே அதிகம் என்று அவர்களுக்குத் தெரியும்.

விஜயதசமி தவறிவிட்டதா? ஆண்டின் மற்ற மாதங்களையும் பார்த்துவிடுவோம். ஐப்பசியில் தீபாவளி, பட்சணம், எண்ணெய்ப் பிசுக்கு, தொண்டை ஒத்துழைக்காது. கார்த்திகையில் அடைமழை, ஜலதோஷம். மார்கழியில் ஊரே பாடுகிறது. 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி இசை மாநாடு கூடி, அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்து, அதிலிருந்து வளர்ந்து வந்த டிசம்பர் சீசன் இன்றைக்கு எத்தனையோ சபாக்களில் நடக்கிறது. கேட்கவே நேரம் போதவில்லை. கேன்டீனுக்கு வேறு ஒதுக்க வேண்டும். இதில் எங்கே பாடுவது? தையில் திருவையாறு. தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் நூற்றுக்கணக்கானவர்கள் கூடிப் பாடும்போது நீங்களும் ஓர் ஓரத்தில் புத்தகமும் கையுமாக உட்காரலாம். வாயசைத்தால் போதும். திரும்பி வந்து, "நான் திருவையாற்றில் பாடினேன்" என்று சொல்வதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. மாசி, பங்குனியில் யாராவது ஒரு பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும். சித்திரையில் வெயில், வைகாசியில் கல்யாணங்கள். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. ஆவணியில் தொடங்கலாம்தான், ஆனால் அதோ நவராத்திரி தெரிகிறதே, ஒரு மாதம் பொறுத்தால் விஜயதசமியிலேயே தொடங்கிவிடலாமே.

நேரம்

சாஸ்திரப்படி விடியற்காலைதான். இருள் பிரியாத வேளையில் எழுந்து மந்தர ஸ்தாயியில் அகார சாதகம் செய்வது பெரியவர்கள் வழக்கம். அவர்கள் ஆற்றங்கரையிலும் அக்கிரகாரத்துத் திண்ணையிலும் செய்தார்கள். நீங்கள் ஒன்பது அங்குலச் சுவருக்கு இந்தப் பக்கம் செய்யப் போகிறீர்கள். நாலரை மணிக்கு அலாரம் வைத்து, எழுந்து, குளித்து, விளக்கேற்றி, கீழ் ஸ்தாயியில் ஓர் "ஆ" பிடித்தால், எட்டு மணிக்குக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வாசலில் நிற்பார்.

"சார், காலங்காத்தால யாரோ முனகுற மாதிரி சத்தம் வருதுன்னு கீழ் வீட்டு மாமா சொல்றார். வீட்டுல எல்லாரும் சௌக்கியம்தானே?"

சங்கீத விரோதிகள் மத்தியில் வாழ்கிறோம் என்ற உணர்வு இந்த நிமிடத்திலிருந்து உங்களுக்குத் துணையிருக்கும். பின்னால் எப்போது நிறுத்தினாலும் காரணம் தயார்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் என்றொரு ஆராய்ச்சியாளர் இருக்கிறார். பழக்கங்கள் எப்படி ஒட்டுகின்றன என்பதை ஆராய்வதே அவர் வேலை. புதுப் பழக்கத்துக்குத் தனியாக நேரம் தேடாதே, ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு காரியத்தின் வாலில் அதைக் கட்டிவிடு, அளவையும் சிரிப்பு வருகிற அளவுக்குச் சிறியதாக வை என்கிறார். அவர் தன் புத்தகத்தில் தரும் உதாரணம், பல் தேய்த்ததும் ஒரே ஒரு பல்லை மட்டும் நூல் விட்டுச் சுத்தம் செய்வது. நம் விஷயத்தில், காலைக் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஒரே ஒரு வரிசை பாடுவது என்றாகும். அலாரம் வேண்டாம், குளியல் வேண்டாம், விளக்கும் வேண்டாம். இப்படி ஒரு காரியத்தைச் செய்தால் செய்தோம் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? இந்த வழிகாட்டி இதைப் பரிந்துரைக்கவில்லை.

ஊருக்கு அறிவித்தல்

முதல் நாள் தம்பூராவோடு ஒரு படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டுவிட வேண்டும். "புதிய பயணம்" என்று தலைப்பு. பெரியப்பா மகன் கைகூப்பும் பொம்மை அனுப்புவார், பள்ளிக்கூட நண்பன் காதைப் பொத்தும் குரங்கு அனுப்புவான். பாராட்டு முழுவதும் முதல் நாளே வந்து சேர்ந்துவிடுவதால் இரண்டாம் நாளுக்கு மிச்சமிருக்காது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அறிவிப்பில் எத்தனை நாள் சவால் என்று ஓர் எண் போட வேண்டும். எந்த எண் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 21 நாள் என்பது உலகம் முழுக்கப் பிரசித்தம். அமெரிக்காவில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரிகிற புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்று அவர் கவனித்திருந்தார். குறைந்தது என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது, மூக்கும் விழுந்துவிட்டது, 21 மட்டும் ஊர் சுற்றுகிறது. நமக்கு 48 உண்டு. கோவிலைச் சுற்றினாலும் லேகியம் சாப்பிட்டாலும் ஒரு மண்டலம். லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து 2010இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு காரியம் யோசிக்காமல் தானாக நடக்கிற நிலைக்கு வர, நடுவாந்தரமாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து, அவர்கள் கணிப்புப்படி, 254 நாள் வரை போகிறது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடம்பை வளைக்கிற காரியங்கள் இழுத்தடித்தன.

254 என்று போட்டால் உங்களை யாரும் வாழ்த்த மாட்டார்கள். 21 என்றே போடுங்கள்.

பாட வேண்டியது என்ன

இங்கேதான் டீச்சருக்கும் நமக்கும் முதல் தகராறு வரும். அவர் சரளி வரிசையில் ஆரம்பிப்பார். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படுகிற பாடமுறை. நானூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகத் தென்னிந்தியாவில் சங்கீதம் கற்கிற எல்லோரும் நுழைகிற வாசல். ராகம் மாயாமாளவகௌளை, 72 மேளங்களில் பதினைந்தாவது. அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு ஒரு நல்ல காரணம் சொல்வார்கள். கீழ் ஷட்ஜத்திலிருந்து மத்திமம் வரை ஏறுகிற இடைவெளிகள்தான் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரையும் அப்படியே திரும்ப வருகின்றன. ஒரு பாதியைத் தொண்டை பிடித்துக்கொண்டால் மறுபாதிக்கு வழி தெரிந்துவிடும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல், பிறகு இரண்டு முறை தட்டித் திருப்புதல். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், ஏறி இறங்குகிற முதல் வரிசை முதல் காலத்தில் 16 நொடி. இரண்டாம் காலத்தில் 8. மூன்றாம் காலத்தில் 4. மூன்று காலமும் சேர்த்து 28 நொடி. பத்து நிமிடத்தில் இதை இருபது முறைக்கு மேல் பாடிவிடலாம். முதல் வாரம் மூன்றாம் காலத்தில் நாக்கு சுற்றிக்கொள்ளும், நிஷாதம் ஷட்ஜத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அதே 28 நொடியை அதே அலுப்போடு திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால் ஒரு நாள் நிஷாதம் அதன் இடத்தில் நிற்கும். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, வந்த நாளில் மேளதாளமும் இருக்காது.

பெரிய மனிதர்களுக்கு இது ஒத்துவராது. மாதச் சம்பளம் வாங்கி, இருபது பேரை வேலை வாங்குகிற நாம் "ச ரி க ம" என்று குழந்தை மாதிரி பாடிக்கொண்டிருக்க முடியுமா? ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு அலங்காரம், கீதம், ஸ்வரஜதி எல்லாவற்றையும் ஒரே தாண்டாகத் தாண்டி, பச்சிமிரியம் ஆதியப்பையாவின் பைரவி அடதாள வர்ணத்தில் இறங்குங்கள். பதினான்கு எண்ணிக்கை தாளம். நான்காவது எண்ணிக்கையில் கை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் பிரியும். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்ப்பார். "முதல்ல ஒரு ரெண்டு மாசம் வரிசை பாடிட்டு வாங்களேன் சார்" என்பார். அவருக்குப் பெரியவர்களுக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை என்று இதிலிருந்து அறிந்துகொண்டு டீச்சரை மாற்றிவிட வேண்டும்.

ஒரு நாள் விட்டுப்போனால்

விட்டுப்போகும். ஒன்பதாம் நாளோ பதினோராம் நாளோ அலுவலகத்திலிருந்து வரப் பத்து மணி ஆகும். மேலே சொன்ன லண்டன் ஆய்விலேயே, நடுவில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெட்டுவிடவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மறுநாள் வழக்கம்போலப் பாடினால் சரி. எவ்வளவு ருசியில்லாத தீர்வு பாருங்கள்! கைப்பேசிச் செயலியில் அத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்த நெருப்புப் படம் அணைந்து சுழியாகியிருக்கும். நம் குலத்திலேயே சங்கீதம் இல்லை, தாத்தாவுக்கே காது கேட்காது என்று துக்கம் காப்பதுதான் முறை.

துக்கம் தீர்ந்தபின் பரிகாரம். வாரம் முழுக்க விட்டதை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக எழுபது நிமிடம் பாடி ஈடு கட்டுங்கள். கணக்குப்படி சரியாகத்தான் இருக்கிறது. இந்தக் கணக்கைக் கெடுத்தவர் ஒரு ஜெர்மானியர், ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885இல் வெளியான தன் புத்தகத்தில், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து எழுதினார். ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொன்னால் கிடைக்கிற பலன், மூன்று நாளில் பிரித்துச் சொன்னால் 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சோதித்தும் போக்கு மாறவில்லை. இதைப் படித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பாடகர்கள் மனம் உடைவார்கள், ஆகவே அவர்களிடம் காட்ட வேண்டாம். அவர்களுக்கு மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தைக் கஷாயம் கொடுத்தால் போதும்.

இன்னும் கணக்கில் ஆர்வம் விடாதவர்களுக்கு ஒன்று. 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகச் சாதகம் செய்திருந்தார்கள். மால்கம் கிளாட்வெல் 2008இல் அதை எடுத்து உலகத்துக்கே விதியாக்கிவிட்டார். தினம் பத்து நிமிடம் வீதம் பத்தாயிரம் மணி நேரத்துக்கு 60,000 நாள், 164 வருஷம். நாற்பத்தைந்தில் தொடங்கினால் 209 வயதில் அரங்கேற்றம். பத்திரிகை அடிக்க இப்போதே சொல்லி வைக்கலாம். "இதெல்லாம் நடக்கிற காரியமா" என்று விட்டுவிட இதைவிடக் கௌரவமான காரணம் கிடைக்காது. மற்ற காரணங்களில் சோம்பேறித்தனம் தெரிகிறது, இதில் விஞ்ஞானம் தெரிகிறது. ஒரே குறை, உங்களை யாரும் பெர்லினில் வயலின் வாசிக்கக் கூப்பிடவில்லை என்பதுதான். நிஷாதம் நிஷாதத்தில் நிற்க எத்தனை மணி நேரம் என்று கிளாட்வெல் எழுதவில்லை.

பின்பற்றக் கூடாத முன்மாதிரி

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஓர் அம்மாள் இருக்கிறார். ஐம்பதுக்கு மேல் இருக்கும். விஜயதசமிக்கு டீச்சர் வீட்டில் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் சேர்ந்தது ஆடி மாதத்தில், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை என்று சொல்கிறார்கள். தம்பூரா கிடையாது. உப்பு ஜாடிமேல் கைப்பேசியைச் சாய்த்துச் செயலியை ஓடவிடுவார். காலையில் குக்கரை அடுப்பில் ஏற்றியதும் சரளி வரிசை தொடங்கும், மூன்றாம் விசிலில் நின்றுவிடும். ஆவர்த்தனத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விடுவார். ஊருக்குப் போன நாட்களில் பாட்டு இல்லை. வந்த மறுநாள் எதுவுமே நடக்காதது போல அதே வரிசை. நோட்டுக்கு மஞ்சள் தடவியதாகத் தெரியவில்லை, நோட்டே இருக்கிறதா என்பதும் சந்தேகம். வாட்ஸாப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை.

லிஃப்டில் பார்த்தபோது கேட்டேன். "என்ன மாமி, இன்னும் வரிசைதானா? கீர்த்தனை எப்ப?"

"அரிசி வேகற நேரந்தானே கெடைக்குது. அதுக்குள்ள எவ்வளவு வருதோ வரட்டும்" என்றார். எத்தனை வருஷமாகப் பாடுகிறார் என்று கேட்டதற்கு யோசித்துப் பார்த்தார், சின்னப் பெண்ணின் கல்யாணத்துக்கு முன்னால் என்று மட்டும் ஞாபகம் இருந்தது.

போன நவராத்திரிக்குக் கீழ் வீட்டுக் கொலுவில் அவரைப் பாடச் சொன்னார்கள். சுருதி சுத்தமாக மலஹரியில் ஒரு கீதம் பாடினார். பாட்டு டீச்சர் ஒருவரும் சுண்டலோடு அங்கே உட்கார்ந்திருந்தார். "யாருகிட்ட கத்துக்கறீங்க?" என்று கேட்டார். முனகல் புகார் கொடுத்த கீழ் வீட்டு மாமா இன்னொன்று பாடச் சொன்னார். அம்மாள், வேறு தெரியாது என்று எழுந்து போய்விட்டார்.

இவரை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் இப்படி ஆரம்பித்தால் தம்பூரா செய்கிறவர்கள் என்ன ஆவது, விஜயதசமி என்ன ஆவது, என்னைப் போல வழிகாட்டி எழுதுகிறவர்கள்தான் என்ன ஆவது?

அடுத்த இதழில்: தினம் பத்தே நிமிடத்தில் யோகா. அதற்குள் நல்ல பாயாகப் பார்த்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.